40 ஆயிரம் ரூபாய் ரீமேப்: உண்மையான பில் எவ்வளவு?



ஒரு லேப்டாப், ஒரு கேபிள், ரெண்டு மணி நேரம், சுமார் 40 ஆயிரம் ரூபாய். இவ்வளவு இருந்தா உங்க டர்போ காரோட பவர் 20-லிருந்து 30 சதவீதம் வரைக்கும் ஏறிடும்னு டியூனர்கள் சொல்றாங்க. அது பொய் இல்லை, நிஜமாவே ஏறும். அதனாலதான் இந்தக் கேள்விக்கு "வேண்டாம்பா, வம்பு" என்று ஒரே வரியில பதில் சொல்லிட்டுப் போக முடியல.

கார் லோன் வீடியோ போட்டதிலிருந்து "ரீமேப் பண்ணலாமா?" என்ற கேள்வி நம்ம சேனலுக்குத் திரும்பத் திரும்ப வருது. கேட்கிறவங்க பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து மூணு நாலு வருஷம் ஆனவங்க. நெய்வேலி மாதிரி ஒரு டவுன்ஷிப்ல இருக்கிறவங்களுக்கு இந்த ஆசை வர்றதுல ஆச்சரியமே இல்லை. குவார்ட்டர்ஸ் கிடைச்சிருந்தா சென்னை மாதிரி வாடகை இல்லை. வேலைக்குப் போற தூரமும் அஞ்சாறு கிலோமீட்டர்தான். மாசக் கடைசியிலயும் கையில கொஞ்சம் மிஞ்சும். போனஸ் வர்ற மாசத்துல 40 ஆயிரம் பெரிய தொகையாவே தெரியாது.

அதனால இன்னைக்கு இந்த விஷயத்தை முழுக்க முழுக்கப் பணக் கணக்காப் பார்ப்போம். ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். உங்களுக்குக் கைக்கு வர்ற சம்பளம் 75,000 ரூபாய். டர்போ பெட்ரோல் கார் வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. 10 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 5 வருஷம். மாச இ.எம்.ஐ. 20,758 ரூபாய். ஒரு வருஷம் ஒழுங்கா கட்டியும் அசல் பாக்கி இன்னும் சுமார் 8 லட்சத்து 34 ஆயிரம் நிக்குது. இந்த 8.34 லட்சத்தை மனசுல வச்சுக்கிட்டே மேல படிங்க.

ரீமேப்ல என்னதான் மாத்துறாங்க?

உங்க காரோட இன்ஜினை ஓட்டுறது ஒரு சின்ன கம்ப்யூட்டர். இ.சி.யு. என்று சொல்வாங்க. அதுக்குள்ள நிறைய அட்டவணைகள் இருக்கும். இன்ஜின் இத்தனை சுற்று சுத்துது, டிரைவர் ஆக்சிலரேட்டரை இவ்வளவு மிதிக்கிறார், உள்ள வர்ற காத்தோட சூடு இவ்வளவு, அப்படின்னா எவ்வளவு பெட்ரோல் தெளிக்கணும், ஸ்பார்க் எப்போ அடிக்கணும், டர்போ எவ்வளவு அழுத்தத்துல காத்தைத் தள்ளணும் என்று ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு எண் இருக்கும். இந்த அட்டவணைகளைத்தான் 'மேப்' என்கிறோம். அந்த எண்களை அழிச்சு வேற எண்களை எழுதறதுதான் ரீமேப்.

டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின்ல இதைப் பண்ணினா பெருசா ஒண்ணும் கிடைக்காது. அது தானா உறிஞ்சற காத்து எவ்வளவோ அவ்வளவுதான். டர்போ கதை வேற. புகையோட வேகத்துல ஒரு சின்ன சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல சுத்தி, இன்ஜினுக்குள்ள காத்தை அடைச்சுத் தள்ளுது. எவ்வளவு அடைக்கணும்னு சொல்றது சாஃப்ட்வேர். அந்த எண்ணைக் கூட்டினா காத்து கூடும், பெட்ரோல் கூடும், இழுவை கூடும். ஒரு நட்டு போல்ட் கூட மாத்தாம பவர் ஏறுறதுக்குக் காரணம் இதுதான்.

கம்பெனி ஏன் மிச்சம் வச்சுது?

"கம்பெனிக்காரன் வேணும்னே பவரை அடக்கி வச்சிருக்கான், நாங்க திறந்து விடறோம்." எல்லா டியூனரும் சொல்ற வசனம் இது. இதுல பாதி உண்மை இருக்கு.

டாட்டாவோட 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினையே பாருங்க. 2014-ல ஜெஸ்ட் கார்ல அது 90 குதிரைத் திறன். 2017-ல நெக்ஸான்ல வந்தப்போ 110. அப்புறம் அதே நெக்ஸான்ல 120. ஃபோக்ஸ்வாகனோட 1.0 லிட்டர் டி.எஸ்.ஐ. இன்ஜின் போலோவுல 110, விர்டஸ்ல 115. ஒரே இன்ஜின் குடும்பம், வேற வேற எண். அப்போ அந்த இன்ஜினுக்குள்ள இடம் இருக்கு என்பது நிஜம்.

மீதிப் பாதியை யாரும் சொல்றதில்லை. அந்த மிச்சம் மோசமான நாளுக்காக வச்சது. கத்திரி வெயில்ல 40 டிகிரி சூட்டுல, ஏ.சி. போட்டு, அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு, எங்கேயோ ஒரு பங்க்ல போட்ட சுமாரான பெட்ரோலோட, ஆயில் மாத்த மூணு மாசம் தாமதமான ஒரு கார் மேடு ஏறினாலும் இன்ஜின் தாங்கணும். அதுவும் வாரண்டி முடியற வரைக்கும் தாங்கணும். இல்லைன்னா செலவு கம்பெனியோடது. டியூனருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. அதனால அவர் அந்த மிச்சத்தை எடுத்து உங்ககிட்ட பவரா விக்க முடியுது.

இதுல பெட்ரோலோட ஆக்டேன் எண் முக்கியம். காத்தழுத்தத்தைக் கூட்டினா, ஸ்பார்க் மூட்டின நெருப்பு பரவி வர்றதுக்கு முன்னாடியே மீதி இருக்கிற பெட்ரோல் கலவை தானா வெடிக்கப் பார்க்கும். நாக்கிங் என்கிறது இதுதான். சென்சார் அதைக் கண்டுபிடிச்சு ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கும். ஆனா குறைஞ்ச வேகத்துல பெரிய இழுவை கொடுக்கிற சின்ன டர்போ இன்ஜின்கள்ல, சென்சார் சமாளிக்க நேரமே கொடுக்காம ஒரே வெடிப்புல பிஸ்டன் உடையற ஆபத்தும் இருக்கு. ஐரோப்பாவுல 95, 98 ஆக்டேன் பெட்ரோல் சர்வசாதாரணம். அந்த ஊர் பெட்ரோலுக்கு எழுதின ஃபைலை அப்படியே நம்ம ஊர் கார்ல ஏத்தினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. இந்தியன் ஆயிலோட எக்ஸ்.பி. 95 மாதிரி பெட்ரோல் கிடைக்குது. 2020 டிசம்பர்ல எக்ஸ்.பி. 100 கூட வந்தது. ஆனா எல்லா பங்க்லயும் எல்லா நாளும் கிடைக்கும்னு நம்பி இன்ஜினை ஓட்ட முடியாது.

கோயம்புத்தூர்ல முறையா நடந்த ஒரு டியூனிங்

பவரைக் கூட்டறதை ஒழுங்காப் பண்ணினா எப்படி இருக்கும்? நம்ம தமிழ்நாட்டுலயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், ரேஸ் கார் தயாரிப்புல பழுத்த நிறுவனம். அவங்களும் டாட்டா மோட்டார்ஸும் சேர்ந்து ஜே.டி. ஸ்பெஷல் வெஹிக்கிள்ஸ் என்று ஒரு கூட்டு நிறுவனம் ஆரம்பிச்சாங்க. 2018 அக்டோபர்ல டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. என்று ரெண்டு கார் வந்தது. ஷோரூம் விலை 6.39 லட்சமும் 7.49 லட்சமும்.

சாதாரண டியாகோ பெட்ரோல் 85 குதிரைத் திறன். ஜே.டி.பி.யில நெக்ஸானோட டர்போ இன்ஜினை வச்சு 114 ஆக்கினாங்க. இழுவை எவ்வளவு தெரியுமா? 150 நியூட்டன் மீட்டர். அதே காலத்து நெக்ஸான்ல அது 170. அதாவது குதிரைத் திறனை ஏத்தினவங்க, இழுவையை நெக்ஸானை விடக் குறைவாத்தான் வச்சாங்க. எண் பெருசாத் தெரியணும்கிறது மட்டும் குறிக்கோளா இருந்திருந்தா அப்படிப் பண்ணியிருக்க மாட்டாங்க.

சாஃப்ட்வேரோட நிறுத்தவும் இல்லை. சஸ்பென்ஷனை மாத்தினாங்க, 15 அங்குல சக்கரமும் அகலமான டயரும் போட்டாங்க, கியர் விகிதம், எக்ஸாஸ்ட் எல்லாத்தையும் தொட்டாங்க. கார் டாட்டா ஷோரூம்லயே விற்பனைக்கு வந்தது. ஏதாவது ஆச்சுன்னா கேட்க ஒரு கம்பெனி பின்னாடி இருந்தது.

அந்தக் கார்களோட விற்பனை 2020-லயே முடிஞ்சுபோச்சு. கம்பெனியே வாரண்டியோட கொடுத்த வேகமான சின்னக் கார் கூட நம்ம சந்தையில ரொம்ப நாள் நிக்கல. யாரோ ஒருத்தர் லேப்டாப்ல மாத்தின செகண்ட் ஹேண்ட் காருக்குக் கூடுதல் விலை கொடுக்க எத்தனை பேர் வரிசையில நிப்பாங்க?

பக்கெட் வீலும் கன்வேயரும்

நெய்வேலியில இருக்கிறவங்களுக்கு அடுத்த விஷயத்தைச் சொல்லித் தரவே வேண்டாம். சுரங்கத்துல பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் மண்ணை வெட்டுது. அது கன்வேயர்ல விழுது. கன்வேயர் கொண்டுபோய் ஸ்ப்ரெடர்கிட்ட கொடுக்குது. இப்போ பக்கெட் வீலை மட்டும் 25 சதவீதம் கூடுதலா வெட்டச் சொன்னா என்ன ஆகும்? கன்வேயர் அதே பழைய கன்வேயர்தானே. பெல்ட் தாங்கற வரைக்கும்தான் உற்பத்தி.

உங்க கார்ல இன்ஜின்தான் பக்கெட் வீல். கிளட்சும் கியர்பாக்ஸும் கன்வேயர். ரீமேப் மாத்துறது முதல் ஆளை மட்டும்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்கள்ல வர்ற 7 கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி.யை எடுத்துக்குவோம். டி.க்யூ. 200 என்பது அதோட பெயர். அந்த கியர்பாக்ஸ் தாங்கற அளவு 250 நியூட்டன் மீட்டர். பழைய போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யோட இழுவை 175. அங்க கொஞ்சம் இடம் இருக்கு. ஆனா விர்டஸ், டைகுன், ஸ்லாவியா, குஷாக் கார்களோட 1.5 லிட்டர் டி.எஸ்.ஐ. இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250. கியர்பாக்ஸோட அளவும் 250. ஏட்டுக் கணக்குப்படி பாக்கி இடம் பூஜ்யம். அதுக்கு மேல ஏத்துற ஒவ்வொரு நியூட்டன் மீட்டரும் உங்க சொந்தப் பொறுப்புல ஓடுது. உங்க கார் எதுவா இருந்தாலும், டியூனர்கிட்ட கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு பவர் ஏறும்?" இல்லை. "இந்த கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும்?"

இப்போ பில் போடுவோம்

எதுவும் உடையாம, எல்லாம் நல்லபடியா ஓடினா லோன் முடியற வரைக்கும், அதாவது 4 வருஷத்துக்கு, எவ்வளவு ஆகும்? எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்க காருக்கு ஏத்த மாதிரி மாத்திப் போட்டுக்குங்க.

ரீமேப்: 40,000 ரூபாய்.

பெட்ரோல்: வருஷம் 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால் சுமார் 857 லிட்டர். உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 7 ரூபாய் கூடுதல் என்று வச்சா வருஷத்துக்கு 6,000. நாலு வருஷத்துக்கு 24,000.

ஆயில்: வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறதை ரெண்டு தடவை ஆக்கணும். ஒவ்வொரு கூடுதல் தடவைக்கும் 7,000 என்றால் 28,000.

டயர்: இழுவை கூடினா முன் டயர் சீக்கிரம் தேயும். ஒரு செட் முன்கூட்டியே மாத்தறதுக்கு 28,000.

மொத்தம் 1,20,000 ரூபாய். மாசத்துக்கு 2,500.

இந்த இடத்துல "இதையே எஸ்.ஐ.பி.யில போட்டிருந்தா" என்று நான் ஆரம்பிப்பேன்னு எதிர்பார்ப்பீங்க. அதுவும் சொல்லிடறேன்: 10 சதவீதம் வளர்ச்சி கிடைச்சா 4 வருஷத்துல சுமார் 1.47 லட்சம். உத்தரவாதம் இல்லாத கணக்கு. ஆனா உண்மையைச் சொன்னா, இந்த 2,500 ரூபாய் எனக்குப் பெரிய பிரச்சினையாத் தெரியல. சம்பாதிக்கிறது எல்லாத்தையும் ஃபண்டுல போட்டுட்டு வாழ முடியாது. ஒருத்தர் கேமரா வாங்குவார், இன்னொருத்தர் மாசத்துக்கு ரெண்டு தடவை ஊர் சுத்துவார். 75,000 சம்பளத்துல 2,500 ரூபாய் சந்தோஷத்துக்குன்னு ஒதுக்கினா தப்பே இல்லை.

பிரச்சினை பில்லோட அடுத்த வரியில இருக்கு. அந்த வரியில தொகை எழுதியிருக்காது. கியர்பாக்ஸ் போனா ஒரு லட்சத்துக்கு மேல. டர்போவும் பிஸ்டனும் போனா அதை விட அதிகம். இது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். நடந்தா யார் கட்டுவாங்க என்பதுதான் கேள்வி.

மூணு கதவும் ஒவ்வொண்ணா மூடும்

இன்னைக்கு உங்க கார்ல பெருசா ஏதாவது போனா தட்டறதுக்கு உங்களுக்குக் கதவு இருக்கு. ரீமேப்புக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு பாருங்க.

முதல் கதவு வாரண்டி. இன்ஜின் சாஃப்ட்வேரை மாத்தினா, அதனால வர்ற இன்ஜின், கியர்பாக்ஸ் பழுதுக்கு வாரண்டி கிடைக்காது. காசு கொடுத்து வாங்கின நீட்டிப்பு வாரண்டியும் சேர்ந்து போகும். "சர்வீஸுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரிஜினல் மேப்பைத் திரும்ப ஏத்திடலாமே" என்று கேட்பீங்க. பல கார்கள்ல இ.சி.யு.வுல எத்தனை தடவை எழுதினாங்க என்ற எண்ணிக்கை பதிவாகும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்துல மாத்தின சாஃப்ட்வேரைக் கண்டுபிடிச்சா டி.டி. 1 என்ற குறி அந்த காரோட பதிவுலயே ஏறிடும். அதுக்கப்புறம் எந்த ஊர் சர்வீஸ் சென்டருக்குப் போனாலும் அது கூடவே வரும்.

ரெண்டாவது கதவு இன்ஷூரன்ஸ். பலருக்கு இதுல ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு: "பம்பர் டூ பம்பர் போட்டிருக்கேன், கவலை இல்லை." உங்க பாலிசியை எடுத்துப் படிங்க. இயந்திரக் கோளாறு, தேய்மானம் இதெல்லாம் அடிப்படை மோட்டார் பாலிசியில சேராது. அதாவது தானா போன கியர்பாக்ஸுக்கு இன்ஷூரன்ஸ் முதல்லயிருந்தே கிடையாது. அது வாரண்டியோட வேலை. அந்த வாரண்டியைத்தான் நீங்க இப்போ விட்டுக் கொடுத்திருக்கீங்க.

விபத்து நடந்தா? அப்போ கதை இன்னும் சிக்கல். காரோட திறனை மாத்தினதை இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட சொல்லலைன்னா, முக்கியமான தகவலை மறைச்சீங்க என்று உங்க காருக்கான க்ளெய்மை எதிர்க்க அவங்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைக்குது. சின்னக் கீறலுக்கு யாரும் இ.சி.யு.வைத் திறந்து பார்க்க மாட்டாங்க. கார் முழுசா நொறுங்கி 9 லட்சம் ரூபாய் க்ளெய்ம் போகும்போது பார்ப்பாங்க. உங்களுக்கு அந்தப் பணம் அதிகமாத் தேவைப்படற நாளும் அதுதான்.

மூணாவது கதவு சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்றது இதுதான்: தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி.யில இருக்கிற விவரம் வேறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில இதை உறுதியாச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182-ஏ என்ற பிரிவை மாத்தி எழுதினாங்க. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ரெண்டும். சாஃப்ட்வேர் வெளிய தெரியாது, ஆர்ச் கேட்ல நிறுத்தி யாரும் லேப்டாப் மாட்டிப் பார்க்கப் போறதில்லை. பி.யு.சி. சோதனையிலயும் பாஸ் ஆகலாம். ஆனா பிடிபடாம இருக்கிறதும் சட்டப்படி சரியா இருக்கிறதும் ஒண்ணு இல்லை. அந்த வித்தியாசம் வழக்குன்னு வரும்போதுதான் தெரியும்.

"இ.சி.யு.வைத் தொட வேண்டாம், பிக்கிபேக் பாக்ஸ் மாட்டிக்கலாம், வேண்டாம்னா கழட்டிடலாம்" என்று இன்னொரு யோசனை உண்டு. அந்தப் பெட்டி சென்சார் அனுப்புற அளவை மாத்திச் சொல்லி, இ.சி.யு.வை ஏமாத்தி அதிகக் காத்தைத் தள்ள வைக்குது. கழட்டறது சுலபம்தான். ஆனா கிளட்ச் அனுபவிச்ச சூட்டைக் கழட்ட முடியாது.

மொத்தத்துல ரீமேப் பண்ணின நாள்லயிருந்து நீங்க காருக்கு முதலாளி மட்டும் இல்லை, அந்த காரோட வாரண்டி கம்பெனியும் நீங்கதான். 40 ஆயிரத்துக்கு நீங்க வாங்கறது பவரையும் இந்தப் புதுப் பதவியையும் சேர்த்துத்தான். வண்டி ஒர்க்‌ஷாப்புல நின்னாலும் 20,758 ரூபாய் மாசா மாசம் அக்கவுண்ட்ல இருந்து போய்க்கிட்டேதான் இருக்கும். அப்பா அம்மா மருந்துச் செலவு, தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்க்கிற பணம் எல்லாம் அந்த மாசம் எங்கிருந்து வரும்?

நெய்வேலியில இந்த பவரை எங்க செலவழிப்பீங்க?

இதையும் நேர்மையாப் பார்த்துடுவோம். டவுன்ஷிப்புக்குள்ள ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குப் போறதுக்குள்ள எத்தனை ஸ்பீட் பிரேக்கர், எத்தனை ரவுண்டானா? காலையில ஷிப்ட்டுக்குப் போற சைக்கிளும் ஸ்கூட்டரும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களும் அதே ரோட்டுலதான். வேலைக்குப் போற அஞ்சாறு கிலோமீட்டர்ல ஆயில் சரியா சூடாகறதுக்குள்ள ஆபீஸ் வந்துடும். ஆயில் சூடாகாத நேரத்துல டர்போவை அழுத்தி ஓட்டறது அதோட ஆயுளைக் குறைக்கும். வெளிய வந்தா பண்ருட்டி, வடலூர் பக்கம் லாரியும் பஸ்ஸும் டிராக்டரும் சேர்ந்து ஓடற ரோடு. கூடுதல் 30 குதிரையை முழுசா அவிழ்த்து விடற இடம் மாசத்துக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும்னு நீங்களே கணக்குப் போடுங்க.

இன்னொரு விஷயம் டிரான்ஸ்ஃபர். என்.எல்.சி.யில எக்ஸிகியூட்டிவா இருந்தா நாளைக்கே ராஜஸ்தான் பர்சிங்சர், ஒடிசா தலபிரா, உத்தரப் பிரதேசம் காட்டம்பூர் என்று எங்க வேணா போஸ்டிங் வரலாம். ரீமேப் பண்ணினவர் கோயம்புத்தூர்லயோ பெங்களூர்லயோ இருப்பார். அங்க போன இடத்துல செக் இன்ஜின் விளக்கு எரிஞ்சா யார்கிட்ட போவீங்க? இல்லை, அவசரமா காரை வித்துட்டுக் கிளம்பணும்னா, மாத்தின விஷயத்தைச் சொன்னா விலை குறையும். சொல்லாம வித்தா அது ஏமாத்து வேலை.

அப்போ யார் பண்ணலாம்?

எல்லாருக்கும் வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். கீழ இருக்கிற அஞ்சு கேள்விக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தா, பணக் கணக்குல உங்களைத் தடுக்க என்கிட்ட காரணம் இல்லை. சட்டத்தோட கேள்வி அப்பவும் உங்க தலை மேலதான் இருக்கும், அதை மறக்காதீங்க.

1. லோன் முடிஞ்சு, ஆர்.சி.யிலிருந்து பேங்க் பெயரை நீக்கியாச்சா?

2. கம்பெனி வாரண்டி ஏற்கெனவே முடிஞ்சிருச்சா?

3. ஆறு மாச அவசர நிதிக்கு மேல, காருக்குன்னே தனியா குறைஞ்சது ரெண்டு லட்சம் இருக்கா? கிரெடிட் கார்டு லிமிட்டை இதுல சேர்க்காதீங்க.

4. உங்க கியர்பாக்ஸ் தாங்கற அளவும், ரீமேப்புக்கு அப்புறம் வரப்போற இழுவையும் ரெண்டும் எண்ணாத் தெரியுமா? நடுவுல இடம் இருக்கா?

5. இன்ஷூரன்ஸ் கம்பெனிகிட்ட எழுத்துல சொல்லி, எழுத்துல பதில் வாங்கிட்டீங்களா?

நம்ம உதாரணத்துல 8.34 லட்சம் பாக்கி வச்சிருக்கிறவர் முதல் கேள்வியிலயே வெளிய போயிடுவார். அவருக்கு என்னோட பதில்: இப்போ வேண்டாம். லோன் முடிஞ்ச பிறகு வாங்க, மறுபடி பேசுவோம்.

ஆசை போகலைன்னா?

அதுக்கும் வழி இருக்கு. முதல்ல டயர். கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் தேய்ஞ்சதும் அதே அளவுல நல்ல பிடிமானமுள்ள டயர் போடுங்க. பிரேக் ஆயிலையும் ஸ்பார்க் பிளக்கையும் நேரத்துக்கு மாத்துங்க. பாதி கார்கள் மந்தமாத் தெரியறதுக்குக் காரணம் பவர் குறைவு இல்லை, பராமரிப்பு குறைவு.

வேகம்தான் வேணும்னா ரோட்டை விட்டு டிராக்குக்குப் போங்க. கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, சென்னைக்குப் பக்கத்துல இருங்காட்டுக்கோட்டையில ரேஸ் டிராக் இருக்கு. பயிற்சி வகுப்பு நடக்கும்போது அவங்க காரையே ஓட்டிப் பழகறது நல்லது. சொந்தக் காரைக் கொண்டு போனா, ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் சாதாரண பாலிசி செல்லாது என்பதை ஞாபகம் வச்சுக்குங்க.

மூணாவது வழி பொறுமை. அந்த மாசம் 2,500 ரூபாயைத் தனியா ஒரு ஆர்.டி.யிலயோ ஃபண்டுலயோ போட்டுக்கிட்டே வாங்க. நாலு வருஷம் கழிச்சு அடுத்த கார் வாங்கும்போது ஒரு படி மேல இருக்கிற இன்ஜினை வாங்க அது முன்பணமா உதவும். 115 குதிரை காரை 145 ஆக்கறதுக்குப் பதிலா, கம்பெனியே 150 என்று எழுதிக் கொடுத்து அதுக்கு வாரண்டியும் கொடுக்கிற காரை வாங்கலாம். அப்போ மோசமான நாள் வந்தா செலவு அவங்களோடது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. காரோட டேஷ்போர்டுல இருக்கிற வாரண்டி புத்தகம், இன்ஷூரன்ஸ் பாலிசி, ஆர்.சி. மூணையும் எடுத்து மேசை மேல வைங்க. வாரண்டி எப்போ முடியுது, பாலிசியில எதெல்லாம் சேராது, ஆர்.சி.யில பேங்க் பெயர் இருக்கா என்று ஒரு பேப்பர்ல எழுதிக்குங்க. ரீமேப் பண்ணாதவங்களுக்கும் இந்த மூணு வரி தெரிஞ்சிருக்கணும். உங்க கார், லோன் பாக்கி, கியர்பாக்ஸ் விவரத்தோட கணக்குப் போட்டுப் பார்த்துட்டு சந்தேகம் இருந்தா கேளுங்க, அடுத்த வீடியோவுல சேர்த்துப் பேசுவோம்.